செயலாளர் ஆண்டறிக்கை: ஹென்றி சால்ட்டோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக இவ்வாண்டு வேலைக்கு வருகிறேன். சென்ற பொதுக்குழு முடிவின்படி மாதக் கூட்டங்களை ஆங்கில எழுத்தாளர் ஹென்றி சால்ட் ஒருவருக்கே ஒதுக்கினோம்.

1851இல் நைனிடாலில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கிலாந்து போனவர் அவர். ஈட்டன் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரானார். புலாலை விட்டபின் சக ஆசிரியர்களின் வாழ்க்கையோடு அவரால் ஒட்ட முடியவில்லை. 1884இல் வேலையை உதறிவிட்டு சர்ரே பக்கம் ஒரு கிராமத்தில் குடியேறினார். ஆசிரியர் அங்கியைக் கிழித்து, சுவரில் படரும் செடிகொடிகளைக் கட்டினாராம்! இதைச் சொன்ன கூட்டத்தில்தான் நம் இளைஞர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

1886இல் புலால் உண்ணாமைக்காக வாதாடி ஒரு நூல் எழுதினார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகப் புலாலைத் தவிர்த்துவந்த காந்தி, லண்டன் ஃபாரிங்டன் தெரு உணவகத்தில் ஒரு ஷில்லிங்குக்கு அதை வாங்கிப் படித்தார். அப்புறம்தான் புலால் உண்ணாமையைத் தானே விரும்பி ஏற்றார். எனக்கு இது பெரிய விஷயம். "ஏன் கறி சாப்பிடுவதில்லை?" என்று பிள்ளைகள் கேட்டால், "நம்ம வீட்டுல வழக்கமில்ல" என்பதோடு நம்மில் பலரும் நின்றுவிடுகிறோம். 1931 நவம்பரில் லண்டன் கூட்டத்தில் காந்தி பேசியபோது, எண்பது வயது சால்ட் அதே மேடையில் இருந்தார்.

1891இல் நண்பர்களோடு மனிதநேயக் கழகம் தொடங்கி, வேட்டை, கசையடி இரண்டையும் எதிர்த்தார். அரசரின் மான்வேட்டை நாய்க்கூட்டம் 1901இல் கலைக்கப்பட்டதில் அக்கழகத்தின் பிரசாரத்துக்கும் பங்குண்டு.

எழுபதைத் தாண்டிய பிறகு வர்ஜிலின் லத்தீன் காவியத்தை ஆங்கிலச் செய்யுளாக்கி 1928இல் வெளியிட்டார். அந்த உற்சாகத்தில், 1886 நூலின் முதல் கட்டுரையைத் தமிழாக்க உட்கார்ந்தோம். முதல் சொல்லிலேயே தகராறு! 'வெஜிடேரியனிசம்' என்பதற்குச் 'சைவம்' என்று போட்டால் சிவனும் கூட வருகிறார். சால்ட்டோ தம்மைப் பகுத்தறிவுவாதி என்றே சொல்லிக்கொண்டவர். 'மரக்கறி' என்றால் உணவு மட்டுமே தெரிகிறது, மறுக்கிற மனம் தெரியவில்லை. இரண்டு கூட்டம் வாதாடி, குறளின் 26ஆம் அதிகாரத் தலைப்பான 'புலால் மறுத்தல்' என்பதையே எடுத்துக்கொண்டோம். சரி, அப்படி வாழ்பவரை எப்படி அழைப்பது? 'புலால் மறுப்பவர்' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம்.

வரைவு தயார். மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்