எரிவாயு விலை: தோம்பைவிட மீட்டரைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலகச் சந்தையில் இயற்கை எரிவாயு விலை ஏறியதாகச் செய்தி வந்தால், எங்கள் மலேசியத் தோட்டப்புறக் கடைகளில் முதல் கேள்வி, "தோம்பு (சமையல் எரிவாயு சிலிண்டர்) விலை ஏறுமா?" என்பதுதான். அடுப்பில் எரிவது எல்பிஜி என்ற திரவப் பெட்ரோலிய வாயு, அது வேறு. வீட்டுக்கு 14 கிலோ தோம்பு, கிலோ 1.90 ரிங்கிட் கட்டுப்பாட்டு விலையில் 26.60 ரிங்கிட். அதற்கு மேல் கேட்டால் கொண்டுவந்து தரும் கூலியா என்று விசாரியுங்கள்.

இயற்கை எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுப்பதால், அது நம்மைத் தொடுவது மின்கட்டண பில்லில். 2021இல் பிரிட்டனில் எரிவாயுக் கொள்முதல் விலை எகிறியும், விற்பனை விலைக்கு உச்சவரம்பு இருந்ததால் முன்கூட்டியே வாங்கி வைக்காத விநியோக நிறுவனங்கள் வரிசையாக மூடின. இங்கே மின்சாரம் விநியோகிப்பவர் அப்படித் தவிப்பதில்லை. எரிபொருள் செலவின் ஏற்ற இறக்கம் 2025 ஜூலை முதல் ஏ.எஃப்.ஏ. (தானியங்கி எரிபொருள் சரிக்கட்டல்) என்ற பெயரில் மாதந்தோறும் பில்லில் கூடும் அல்லது குறையும். மாதம் 600 யூனிட்டுக்குள் (கிலோவாட் மணி) நிற்கும் வீடுகளுக்கு அது கிடையாது. பில்லில் சேரும் 10 ரிங்கிட் சில்லறை விற்பனைக் கட்டணமும் கிடையாது. தாண்டினால் இரண்டும் வரும்.

600 என்பது நாளுக்கு 20 யூனிட். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்தாறு யூனிட் போய்விடும். இன்வெர்ட்டர் வகை என்றால் குறையும். பில் வந்த அன்று மீட்டர் எண்ணைக் குறித்து, பதினைந்தாம் நாள் மறுபடி பாருங்கள். வித்தியாசம் 300ஐத் தாண்டியிருந்தால் அப்போதே குறைக்கலாம். பில் வந்தபின் பார்த்துப் பயனில்லை.

பெட்ரோல் விலைபோல, மாதாமாதம் ஏ.எஃப்.ஏ. விகிதத்தையும் நாளிதழில் ஒரு மூலையில் வெளியிட வேண்டுகிறேன்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்