முதலில் நிழலைப் பார், பலகையை அப்புறம் அறுக்கலாம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. பழைய பலகை ஒன்றைக் கையுறை போடாமல் தூக்கினேன், வலது ஆள்காட்டி விரலில் சிராம்பு ஏறிவிட்டது. சின்னதுதானே என்று விட்டதில் சீழ் கோத்து, பேனா பிடிக்க முடியாமல் கிடந்தேன். இப்போது ஆறிவிட்டது.

உனக்குக் கண்புரை எடுத்தது நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். பணி ஓய்வு, புது வீடு, பின்னால் வெறுமனே கிடக்கும் நிலம், இத்தனையும் சேர்ந்து வந்ததும் உனக்குக் கை பரபரக்கிறது என்று புரிகிறது. பலகை அடைத்து மண் நிரப்பும் மேட்டுப்பாத்தி எப்படிக் கட்டுவது, மழைநீர் டிரம் எங்கே வைப்பது, கம்போஸ்ட் ஏன் நாறுகிறது என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் சொல்கிறேன். ஆனால் மருத்துவர் அனுமதிக்கும்வரை மண்ணைத் தொடாதே. கண்ணில் தூசி விழுந்தால் வம்பு. அதுவரை உன்னால் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: சும்மா உட்கார்ந்து பார்ப்பது. அதை நான் செய்யாமல் விட்ட கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் முதல் பாத்தியைப் பின்பக்க மதிலை ஒட்டிக் கட்டினேன். அந்த இடம் சும்மா கிடந்தது, பார்க்கவும் அழகாக இருந்தது. வேறு காரணம் எதையும் நான் யோசிக்கவில்லை. கட்டிய மாதத்தில் நல்ல வெயில். தக்காளி நட்டேன், தளதளவென்று வந்தது. சில மாதம் போனதும் சூரியனின் பாதை சாய்ந்தது, மதிலின் நிழல் பாத்தியின் பாதிக்கு மேல் விழுந்தது. செடி வெளிச்சம் தேடி நெட்டையாக வளர்ந்து துவண்டது. நாலைந்து பூ வந்தது, அதுவும் உதிர்ந்தது. காய்க்கிற செடிக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரை 3, 4 மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தும் அளக்கவில்லை. கடைசியில் மொத்த மண்ணையும் அள்ளி, பலகையைப் பிரித்து, வேறிடத்தில் மறுபடி கட்டினேன். இடுப்பு அதை இன்னும் மறக்கவில்லை.

அதனால் நீ ஒரு தாளில் தோட்டத்தைக் கட்டம் போட்டு வரைந்துகொள். காலை 9, பகல் 12, மாலை 3 என்று மூன்று வேளை எது எது நிழலில் இருக்கிறது என்று கோடு போடு. ஒரு மாதம் கழித்து அதே தாளில் வேறு நிறத்தில் மறுபடி போடு. கோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். நல்ல மழை பெய்யும்போது ஜன்னலோரம் நின்று, தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார். மழை நின்று மறுநாளும் தேங்கி நிற்கிற இடத்தில் பாத்தி போடாதே.

இன்னொன்று, உன் அறிவியல் பாடம்தான். பேரப்பிள்ளையை விட்டு ஒரு கண்ணாடி சீசாவில் மூன்றில் ஒரு பங்கு மண் போடச் சொல். தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் சேர்த்து, நன்றாகக் குலுக்கி வைக்கட்டும். ஒரு நிமிஷத்தில் மணல் அடியில் படியும். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் வண்டல். களிமண் இறங்க ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும். அடுக்குகளை ஸ்கேல் வைத்து அளந்தால் எது எத்தனை பங்கு என்று வந்துவிடும். என் மண்ணில் பாதிக்கு மேல் களி. அதுவரை செடி வாடினால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். வேர் மூச்சுத் திணறி அழுகியதால் வந்த வாட்டம் அது.

சரி, பாத்திக்கு வருவோம். அகலம் 120 செ.மீ.க்கு மேல் போகவேண்டாம். இரண்டு பக்கத்திலிருந்தும் கை நடுவுக்கு எட்டவேண்டும், உள்ளே கால் வைக்கவே கூடாது. மிதித்தால் மண் இறுகிவிடும், அப்புறம் மேட்டுப்பாத்தி கட்டியதே வீண். ஒரு பக்கம் சுவர் என்றால் 60 செ.மீ. போதும். நீளம் உன் இஷ்டம். நான் 2.4 மீட்டர் வைத்தேன், உயரம் 30 செ.மீ.

சிரிக்காதேடி, முப்பது வருஷம் கரும்பலகையில் பிதாகரஸ் தேற்றம் எழுதிய எனக்கு, அது நிஜமாகப் பயன்பட்டது இந்தப் பாத்தியில்தான். நான்கு பலகையையும் சேர்த்துவிட்டால் மட்டும் செவ்வகம் வந்துவிடாது, இணைகரமாக நெளிந்து நிற்கும். 2.4-க்கும் 1.2-க்கும் மூலைவிட்டம் 2 மீட்டர் 68 செ.மீ. இரண்டு மூலைவிட்டமும் அதே அளவு வரும்வரை சட்டத்தைத் தட்டித் தட்டிச் சரிசெய்தேன். மூலைமட்டம் கையில் இல்லாவிட்டால் பக்கங்கள் 3, 4, 5 பங்காக முக்கோணம் வரும்படி கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டாலும் செங்கோணம் வரும். மாணவர்களுக்கு இதை வெளியே அழைத்துப்போய்க் காட்டியிருக்கலாமே என்று அன்றைக்கு ரொம்பத் தோன்றியது.

மூலையில் பலகையோடு பலகையை வைத்து ஆணி அடிக்காதே. பலகையின் நுனியில் இழைகள் நீளவாக்கில் ஓடுவதால் ஆணி பிடிப்பே இருக்காது. என் முதல் பாத்தி முதல் மழையிலேயே மூலையில் வாய் பிளந்தது. உள்பக்க மூலையில் ஒரு கட்டை நிறுத்தி, இரண்டு பலகையையும் அதில் ஸ்குரூ போட்டு முடுக்கு. ஸ்குரூவைவிடச் சற்று மெல்லிய துளை முதலில் போட்டுக்கொண்டால் பலகை வெடிக்காது. நீளப் பக்கத்தில் நடுவே ஒரு முளை அடித்து வை. ஈர மண் தள்ளும் தள்ளலில் பலகை கர்ப்பிணி வயிறு மாதிரி வெளியே புடைக்கும். பழைய ரயில் கட்டை கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடு, அதில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் நல்லதில்லை. ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய பழைய மரமும் ஆகாது. அமெரிக்காவில் வீட்டு வேலைக்கு அந்த மரத்தை 2003 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். மரமே வேண்டாம் என்றால் செங்கல்லை அடுக்கிக்கொள், அதுவும் நன்றாகவே இருக்கும்.

மண் எவ்வளவு வேண்டும் என்று முதலிலேயே கணக்குப் போடு. என் பாத்தி 864 லிட்டர். 15 லிட்டர் வாளியில் கிட்டத்தட்ட 58 வாளி. சுமார் ஒரு டன் எடை, அதை நாம் இருவரும் ஒரே நாளில் சுமக்கிற வயசில் இல்லை. நாளுக்குப் பத்து வாளி என்று ஒரு வாரம் எடுத்துக்கொள். நிரப்பிய மண் சில மாதத்தில் கீழே அமரும், மேலே கம்போஸ்ட் போட்டுக்கொண்டே வரவேண்டும்.

அடியில் ஜல்லி போடவேண்டுமா என்று கேட்டிருந்தாய், தொட்டிக்கும் சேர்த்து. போடாதே. வடிகால் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் வருஷக்கணக்கில் போட்டேன். நீ அறிவியல் டீச்சர், நீயே செய்து பார். குளிக்கிற ஸ்பாஞ்ச் பஞ்சு ஒன்றைத் தண்ணீரில் நனைத்துப் படுக்கைவாட்டில் பிடி. சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாகத் திருப்பு. மறுபடி சொட்டும்! பஞ்சு அதேதான், தண்ணீரும் அதேதான். உயரம் கூடியதும் அடியில் தண்ணீரின் அழுத்தம் கூடுகிறது. மண்ணும் அப்படித்தான். பொடி மண்ணின் சின்ன இடைவெளிகள் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். கீழே இருக்கும் ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள், மேலே உள்ள மண் ஊறித் தெப்பமாகும்வரை அது இறங்காது. ஆக ஜல்லி போட்டால் ஈரம் தேங்குகிற அடுக்கு வேர்ப் பக்கம் மேலே ஏறிவிடுகிறது, மண்ணின் உயரமும் குறைகிறது. துளை நன்றாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். மண் ஒழுகாமலிருக்க ஒரு துண்டு வலை போதும்.

மழைநீர் டிரம் கணக்கு உனக்குப் பிடிக்கும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். கூரையின் சரிவை அளக்காதே, மேலிருந்து பார்த்தால் எவ்வளவு பரப்போ அதுதான் கணக்கு. உன் பின்பக்கக் கூரை 20 சதுர மீட்டர் என்று எழுதியிருக்கிறாய். 10 மி.மீ. மழைக்கே 200 லிட்டர், கொஞ்சம் சேதாரம் போகும். ஒரு டிரம் ஒரே மழையில் நிரம்பிவிடும் என்பதால், நிரம்பியபின் வழிகிற தண்ணீருக்கு உள்ளே வருகிற குழாய் அளவுக்கே அகலமான குழாய் வை. அதன் வாயை வீட்டு அஸ்திவாரத்திலிருந்து தள்ளி விடு. முதல் சில நிமிஷத்துத் தண்ணீர் கூரைத் தூசியும் பறவை எச்சமுமாக வரும், அதைத் திருப்பி விட்டுவிடு.

நிரம்பிய டிரம் 200 கிலோ. என்னுடையதைத் தளர்ந்த மண்ணில் நான்கு செங்கல் மேல் வைத்தேன், ஒரே இரவில் சாய்ந்து நின்றது. மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பட்டைக்கல் பரப்பி, அதன்மேல் பீடம் கட்டு. தண்ணீர் பிடிக்கிற குழாயை டிரம்மின் அடியிலிருந்து 10 செ.மீ. மேலே வை, வண்டல் அடியில் தங்கட்டும். அந்தக் குழாயின் கீழே உன் பூவாளி நுழையுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள். எனக்கு நுழையவில்லை! ஆறு மாதம் கிண்ணத்தில் பிடித்துப் பிடித்து ஊற்றினேன். டிரம்மிலிருந்து சொட்டுநீர் போடலாம் என்று ஆசைப்படாதே. ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.1 பார். கடையில் கிடைக்கும் சொட்டுவான்கள் பெரும்பாலும் ஒரு பார், அதாவது 10 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்தை எதிர்பார்ப்பவை. மூடியும் கொசுவலையும் கட்டாயம் வேண்டும், வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள் போதும்.

கம்போஸ்ட் விஷயம் சுருக்கமாக. அழுகிய முட்டை நாற்றம் என்றால் உள்ளே காற்று இல்லை. கிளறு, சருகு சேர். அம்மோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு மிஞ்சிவிட்டது, அதற்கும் சருகுதான். ஒரு வாளி பச்சைக்கு இரண்டு, மூன்று வாளி காய்ந்தது என்று கைக்கணக்காகப் போட்டு வா. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. குவியல் எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் இருந்தால் உள்ளே 55, 60 டிகிரி வரை சூடேறும். சின்னக் குவியல் சூடாகாது, ஆனாலும் மெதுவாக மட்கும், கவலைப்படாதே. நமக்கென்ன அவசரம்?

கடைசியாக, போன வருஷம் என் தக்காளிகள் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தன. சுண்ணாம்புச்சத்துக் குறை என்று முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டேன். ஓடு மட்க மாதக்கணக்காகும், அந்தப் பருவத்துக்கு உதவவே இல்லை. பார்த்தால் மண்ணில் சத்து இருந்தது. நான் இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளமாக ஊற்றியதில் அது காய்க்குப் போய்ச் சேரவில்லை. காய்ந்த சருகை 5 செ.மீ. கனத்தில் மூடாக்காகப் பரப்பி, தண்டை ஒட்டாமல் கொஞ்சம் விலக்கி வைத்து, அளவாகத் தண்ணீர் விட்டதும் அடுத்துப் பிடித்த காய்கள் சுத்தமாக வந்தன.

சின்னவள் வேலை மாறிவிட்டாள், அதைத் தனியாக எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் டிரம்மின் குழாயை ஒரு சாண் மேலே மாற்றித் தருவதாக நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சீசாவில் மணல் எத்தனை, களி எத்தனை நின்றது என்று எழுது. நிழல் கோடு போட்ட தாளையும் ஒரு நகல் அனுப்பு, பாத்தி எங்கே என்று சேர்ந்து முடிவு செய்யலாம். பலகை அறுக்கும் நாளை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு. ரசமட்டத்தோடு நான் வந்துவிடுகிறேன். கையுறை இரண்டு ஜோடி எடுத்து வை.

அன்புடன்,
உன் பழைய கணக்கு டீச்சர்