தீ மேலே ஏறாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்று மண்வெட்டியோடும் பச்சைக் கிளைகளோடும் ஓடி வந்த எல்லோருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தீ கிளம்பியது என் தோட்டத்துச் சருகுக் குவியலில் இருந்துதான். யாரோ சிகரெட் துண்டை வீசியிருப்பார்கள் என்று சிலர் எனக்காகப் பரிந்து பேசினீர்கள், அந்த அன்புக்கும் நன்றி, ஆனால் காரணம் நான்தான்.

எரித்தது அதற்கு இரண்டு நாள் முன்பு. காற்றில்லாத காலை, சின்னக் குவியல், சுற்றிலும் வெறும் மண் தெரியும்வரை சுரண்டியிருந்தேன், அனுமதியும் வாங்கியிருந்தேன், அதனால் எல்லாம் முறையாகச் செய்துவிட்டதாக ஒரு நினைப்பு. தணல் அடங்கியதும் மேலாக இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விட்டேன். 'நீறு பூத்த நெருப்பு' என்று எத்தனை தடவை பேச்சில் சொல்லியிருப்பேன்! குவியலுக்கு அடியில் கிடந்த பழைய வேர் ஒன்று மண்ணுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்திருக்கிறது. மூன்றாம் நாள் மதியம் காற்று எழுந்து சாம்பலை விலக்கியது, கங்கு பறந்து வேலிக்கு அந்தப் பக்கம் காய்ந்த புல்லில் விழுந்தது.

பக்கத்துத் தோட்டத்து அக்கா, புகையைக் கண்டதும் என்னிடம் விசாரித்துக்கொண்டிருக்காமல் நேராகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டீர்களே, அதுதான் காட்டைக் காப்பாற்றியது. நானோ ஒற்றை ஆளாய் அணைத்துவிடலாம் என்று சாக்கை வைத்து அடித்துக்கொண்டிருந்தேன்.

தீயை முந்திவிடலாம் என்று சரிவில் மேலே ஓடிய என் சட்டையைப் பிடித்து இழுத்த தம்பிக்கு என்ன சொல்வது? "மேல போகாதீங்க, எரிஞ்ச பக்கம் வாங்க" என்றீர்கள். ஏறும் தீ தன் சூட்டாலேயே மேலே இருக்கும் புல்லை உலர்த்திக்கொண்டு போகும், சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று தீயணைப்பு வீரர் ஒருவர் சொன்னபோதுதான் எனக்குக் கால் நடுங்கியது. நான் எங்கே நின்றிருப்பேன் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

வரிசையாக நின்று சருகையும் வேரையும் வெட்டித் தள்ளி, வெறும் மண்ணாய்த் தீத்தடுப்புக் கோடு போட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. தீ அடங்கிய பிறகும் ராத்திரி முழுக்க அங்கேயே இருந்த வனக்காவலர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. தண்ணீர் ஊற்று, கிளறு, திரும்ப ஊற்று, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார், துளிச் சூடு இருந்தாலும் விட்டுப் போகாதே. குச்சியால் சாம்பலைக் கிளறிக் கிளறி அவர்கள் காட்டிய அந்த வேலையைத்தான் நான் செய்யாமல் விட்டிருந்தேன்.

அப்புறம், எல்லார் முன்னாலும் என்னைத் திட்டிய பெரியவரே, உங்களுக்கும்தான். எரிக்கிற நாளின் வானிலையை மட்டும் பார்த்தாயே, அடுத்த நாட்களுக்குப் பார்த்தாயா என்று கேட்டீர்கள். பார்க்கவில்லை ஐயா. மிச்சச் சருகை இனி எரிப்பதாக இல்லை, குழி வெட்டி உரத்துக்குப் போட்டாயிற்று.

பிடியில் நீலக் கயிறு சுற்றிய மண்வெட்டி ஒன்று என் வீட்டில் இருக்கிறது. யாருடையதோ, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிடி கொஞ்சம் கருகியிருக்கிறது, மாற்றி வைக்கிறேன்.