நிலவியல் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும், வந்திருக்கும் சில உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. மழையால் இரண்டு தள்ளிப்போயின. ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரிப் பிளவு பற்றி ஓர் உரை நடந்தது. பாம்பன் கரையில் ஒரு நாள் நடை போனோம்.

மற்றபடி ஆண்டு முழுக்க மணல்பெட்டி வேலைதான்: நிலம் உடைந்து பள்ளத்தில் படிவு சேர்வதை மணலில் செய்து காட்டும் பெட்டி. ‘பெட்டிக்கு இவ்வளவா?’ என்று கேட்டவர்கள் இருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன். நம் காலடியில் கிடப்பது, காவிரிப் படுகை என்கிற பழைய படிவுப் பள்ளத்தின் தென்பகுதி. ஜுராசிக் காலக் கடைசியில் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் பிரியத் தொடங்கியபோது நிலம் இழுபட்டு, வடகிழக்கு–தென்மேற்காக மேடும் பள்ளமுமாக உடைந்தது. பள்ளங்களில் சில இடங்களில் 5 கிலோமீட்டர் தடிமனுக்கும் மேல் படிவு. ராமநாதபுரம் பக்கத்து வழுதூர் மின்நிலையத்தில் எரிகிற வாயு இந்தப் படிவுக்குள்ளிருந்து வருவதுதான். படத்தில் காட்டினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். படிவு ஏன் ஒரு பக்கம் மட்டும் தடித்திருக்கிறது என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள்.

90 செ.மீ. கண்ணாடித் தொட்டி. ஒரு முனையில், மேலே 60 பாகை சரிந்து கீழே தட்டையாக வளையும்படி இழைத்த மரக்கட்டை; அதுதான் பிளவின் சரிவு. அதன்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, தாளின் மறுமுனையை நகரும் பலகையில் ஒட்டி, மேலே மணல் நிரப்பினோம். பலகையை இழுப்பது 12 மி.மீ. மரைத்தண்டு; சுற்றுக்கு 1.75 மி.மீ. நகரும். ஏறக்குறைய ஆறு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, இறங்கிய பள்ளத்தை மணலால் மட்டம் செய்து, கலர் கோலப்பொடி தூவ வேண்டும். கடைசியில் ஒரேயடியாக நிரப்பினால் எந்த அடுக்கு எப்போது விழுந்தது என்பதே தெரியாது.

முதல் இரண்டு முறை கெட்டது. கடற்கரை மணலில் உப்பு. எவ்வளவு வெயிலில் காய்ந்தாலும் ஈரம் இழுக்கும். சரியாமல் சுவர்போல நின்று செங்குத்தாக வெடித்தது. பிறகு ஆற்று மணலை மூன்று தண்ணீர் அலசி, அரை மி.மீ. சல்லடையில் சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்தோம். கோலப்பொடி அடுக்கு ஒரு மி.மீ. கனம் தாண்டினாலும் இதே கதைதான். கண்ணாடி ஓரத்தில் மணல் உரசிப் பிளவு வளைந்து தெரியும், அதை நம்பக் கூடாது. ஓரத்திலிருந்து மெல்ல நீர் ஊறவிட்டு நடுவில் வெட்ட வேண்டும். வெட்டினால், கட்டை ஓரம் தடித்து எதிர்ப்பக்கம் நகக்கனமாக மெலிகிற ஆப்பு, அடுக்கு அடுக்காக.

பிளவு ஓய்ந்தபின் நிலம் குளிர்ந்து பரவலாக அமிழ்வதை இந்தப் பெட்டி காட்டாது. மேலே ஒரு சமதள அடுக்கு போட்டு, வாயால்தான் சொல்ல வேண்டும்.

வெட்டும் நாளுக்கு வருவதாகச் சொன்னவர்களில் மூவரே வந்தார்கள். ஈர மணல் யாருக்காகவும் காத்திருக்காது.

வரவு செலவு பொருளாளரிடம் உள்ளது. செலவு வரவைச் சற்றே முந்தியிருக்கிறது. பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. தச்சருக்கும், இடம் தந்தவருக்கும், டீ வாங்கித் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பெட்டியில் மண்டபம் மேடு, அதாவது மண்டபம் ஊருக்கடியில் புதைந்து கிடக்கும் மேடு. முதுகோடு முதுகாக இரண்டு கட்டைகள், ஒருபுறம் பாக் விரிகுடா, மறுபுறம் மன்னார் வளைகுடா. மரைத்தண்டும் இரண்டு வேண்டும். மரத்துக்கு முன்பணம் கேட்கிறார்கள். வேறு யாரேனும் செயலாளராக முன்வந்தால் சல்லடையையும் ரசீதுப் புத்தகத்தையும் இன்றே ஒப்படைக்கிறேன். புத்தகத்தில் பெரும்பாலான தாள்கள் கிழிக்காமலே இருக்கின்றன.