கடைசி பெட்டில எக்ஸ் இருக்கானு யாரும் பாக்கல: நம்ம ட்ரையத்லான் கிளப்புக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டில இருக்குற அண்ணன்மாருக்கும், கோச்சுக்கும், ஞாயித்துக்கிழமை விடியக்காலைல திருவான்மியூர்ல கண்ணை கசக்கிட்டு வந்து நிக்குற எல்லாருக்கும்,

போன வாரம் குரூப்ல வந்த மெசேஜ் பாத்தேன். கார்டு அண்ணா நினைவா ஒரு ஸ்பிரின்ட் ட்ரையத்லான், 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், ஃபாஸ்ட்டா முடிக்கிறவங்களுக்கு அவர் பேர்ல ரோலிங் டிராபி, அவர் போட்டோ போட்ட டீ-ஷர்ட், ஒரு புரோட்டீன் பவுடர் கம்பெனி ஸ்பான்சர். கீழ வரிசையா கை கூப்புற எமோஜி. நானும் ஒண்ணு போட்டுட்டேன், பழக்க தோஷம். அப்புறம் ரெண்டு நாள் தூக்கம் வரல. அங்கயே எழுதியிருக்கலாம், ஆனா அங்க எழுதினா பத்து நிமிஷத்துல யாராச்சும் பழைய கார்பன் வீல் விக்கிறதுக்கு போட்டோ போடுவாங்க, இது மேல போயிடும்.

ரேஸ் வைங்க, வேணாம்னு சொல்லல. அந்த டிராபி வேணாம். பத்து வருஷத்துல ஒரு தடவை கூட யாரையும் முந்தாத மனுஷன் பேர்ல ஃபாஸ்ட்டா வந்தவனுக்கு கப்பு குடுக்குறது, சுகர் பேஷன்ட் பேர்ல லட்டு திங்கிற போட்டி வைக்கிற மாதிரி இருக்கு.

புதுசா சேந்தவங்களுக்கு அவரை ஏன் கார்டுனு கூப்பிட்டோம்னே தெரியாது. ரயில்ல கடைசி பெட்டில கார்டு இருப்பார்ல, அந்த மாதிரி இவர் எப்பவும் கடைசி. ஓட்ட முடியாம இல்ல, கடைசில ஒருத்தன் மாட்டிட்டு முழிக்கக் கூடாதுனு. ஈசிஆர்ல இருட்டுல, லாரி உரசிட்டு போற ரோட்ல, சைக்கிள் ஓட்டுற பொண்ணுங்களை கேட்டு பாருங்க, பின்னாடி ஒரு தெரிஞ்ச ஆள் வர்றார்னு நம்பி ஓட்டுறது எப்படி இருக்கும்னு. "நீ பாட்டுக்கு வா மா, நான் பின்னாடி இருக்கேன்." இதைத்தான் எல்லாருக்கும் சொன்னார், எனக்கு மட்டும்னு நான் நினைச்சிட்டு இருந்தேன். ரயில்வேல 2022ல கார்டுங்கிற போஸ்ட் பேரை டிரெயின் மேனேஜர்னு மாத்தினப்ப நாங்க அவரை மேனேஜர் சார்னு ஓட்டினோம். "பேங்க்ல நாள் பூரா மேனேஜர் தான்பா, இங்கயாச்சும் கார்டா இருக்க விடுங்க"ன்னார்.

அவர் சீட்டுக்கு அடில தொங்குற பைல மஞ்சள் ரிஃப்ளெக்டர் டேப்ல பெருசா ஒரு எக்ஸ் இருக்கும், அவர் பொண்ணு ஒட்டினது. ரயில் கடைசி பெட்டி முதுகுல இருக்குற அதே எக்ஸ். அது எதுக்குனு எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். வண்டி ஸ்டேஷனை தாண்டும்போது அந்த எக்ஸ் வருதானு பாப்பாங்களாம், ராத்திரில சிகப்பு லைட்டை. வரலைனா எங்கயோ பெட்டி கழண்டு நடு வழில நிக்குதுனு அர்த்தம், அடுத்த வண்டிய அந்த லைன்ல விட மாட்டாங்க. "இன்ஜின் வந்து சேந்தா வண்டி வந்துச்சுனு அர்த்தம் இல்ல, எக்ஸ் வந்தா தான்." இதை அவர் டீக்கடைல வடைய பிச்சுக்கிட்டே சொன்னது. நாங்க கேட்டு சிரிச்சோம்.

எனக்கு நீச்சல் சொல்லி குடுத்தது அவர் தான். 35 வயசுல, பூல் ஓரத்து கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சிட்டு நின்ன ஆளு நான். அவரே 41ல தான் கத்துக்கிட்டார், அதனால பயம்னா என்னனு அவருக்கு ஞாபகம் இருந்துச்சு, சின்ன வயசுலயே கிணத்துல குதிச்சு கத்துக்கிட்டவங்களுக்கு அது புரியாது, அவங்க கையை இப்படி போடு காலை அப்படி உதைனு சொல்லுவாங்க. இவர் முதல் ஒரு வாரம் கையும் சொல்லல காலும் சொல்லல, தண்ணிக்குள்ள முகத்தை வெச்சு மூச்சை விடு, புஸ்ஸுனு குமிழி வரட்டும், அவ்ளோதான். உள்ள இழுக்குறதை பத்தி கவலைப்படாத, முழுசா வெளிய விட்டா உள்ள வர்றது தானா வரும்னார். மூணு மாசத்துல 400 மீட்டர் நிக்காம போனேன். பூல்ல இருந்த சின்ன பசங்க எல்லாம் என்னை தாண்டி போயிட்டு இருந்தாங்க, அவர் மட்டும் ஓரமா கூடவே நடந்து வந்துட்டு இருந்தார்.

நீலாங்கரைல கடல் நீச்சல் ஆரம்பிச்சப்ப நடந்த சண்டை கமிட்டிக்கு ஞாபகம் இருக்கும். நீந்துறவங்க பக்கத்துல காவலுக்கு ஒரு ஃபைபர் போட் போதும்னு நீங்க, ரெண்டு வேணும்னு அவர். 2017ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆராய்ச்சிய பிரின்ட் எடுத்துட்டு வந்தார். 1985ல இருந்து 2016 வரைக்கும் அங்க ட்ரையத்லான் ரேஸ்கள்ல நடந்த சாவு, இதயம் நின்னு பொழைச்ச கேஸ் எல்லாம் சேத்து 135, அதுல 90 நீச்சல்ல நடந்தது. போஸ்ட்மார்ட்டம் விவரம் கிடைச்ச 61 பேர்ல 27 பேருக்கு இதயத்துல ஏற்கனவே கோளாறு இருந்திருக்கு, பல பேருக்கு அது இருக்குறதே தெரியாம. ரெண்டாவது போட் காசை பாதி நான் தரேன்னு சொன்ன பிறகு தான் நீங்க ஒத்துக்கிட்டீங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் குப்பத்துல மீனவர்கள் கிட்ட போய் இன்னைக்கு வன்னியா தெண்டியானு கேப்பார், வடக்க இருந்து தெக்க இழுக்குதா தெக்க இருந்து வடக்க இழுக்குதானு. கைல 50 ஆயிரம் ரூபா வாட்ச் கட்டியிருந்த நம்ம ஆளுங்க யாரும் அதுவரைக்கும் அதை கேட்டதில்ல.

அவர் ரேஸ் பண்ணாதவர்னு நினைச்சிடாதீங்க. 2022ல கோவா போனோம், 1.9 கிலோமீட்டர் கடல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம், எட்டரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். ஓட்டத்துல வெயில் மண்டைய பொளந்துச்சு. இவர் கட்-ஆஃப்க்கு நாலு நிமிஷம் இருக்கும்போது வந்தார், வழில ஒரு பையன் தசைப் பிடிப்பு வந்து உக்காந்துட்டானாம், அவன் காலை நீவி விட்டு எழுப்பி கூட்டிட்டு வந்தார், அவனை முன்னாடி தள்ளிவிட்டு ஒரு அடி பின்னாடி தான் லைனை தாண்டினார். அந்த பையன் எந்த ஊர்னு கூட அவருக்கு தெரியாது.

இப்ப அந்த ஞாயித்துக்கிழமைக்கு வரேன். சுத்தி வளைச்சு எழுதிட்டு இருக்கேன்னு எனக்கே தெரியுது.

அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அவர் சொன்னார், முட்டுக்காடு பாலம் ஏறும்போது (ஈசிஆர்ல நமக்கு இருக்குற ஒரே மலை அது தான்) நெஞ்சு கொஞ்சம் இறுக்குது, இறங்கி மெதுவா விட்டா சரியாயிடுதுனு. ஒருத்தர் கேஸ்னார். ஒருத்தர் நைட் பரோட்டாவ நிறுத்துங்கன்னார். ஒருத்தர் ஹார்ட் ரேட் பாக்குற நெஞ்சுப் பட்டைய டைட்டா கட்டியிருப்பீங்கன்னு ஜோக் அடிச்சார். நான் என் பைல இருந்து கேஸ் மாத்திரை எடுத்து குடுத்தேன், ஆமா, நான் தான் குடுத்தேன். வேகமா போனா வந்து, நின்னா போயிடுற இறுக்கம் கேஸ் இல்ல, இதயத்துக்கு ரத்தம் பத்தலைனு அது கூப்பிடுறதுனு இப்ப எனக்கு தெரியும். ஒரு ஈசிஜி எடுத்து நார்மல்னு வந்தாலும் அதோட விட்டுடக் கூடாது, டாக்டர் கிட்ட எப்ப வருது எப்ப போகுதுனு சொல்லணும்னும் தெரியும். அவருக்கு 52. நம்ம பக்கத்து நாடுகள்ல முதல் ஹார்ட் அட்டாக் வர்ற சராசரி வயசு 53, மத்த நாடுகளை விட அஞ்சாறு வருஷம் முன்னாடியே வந்துடுது. இதெல்லாம் தேடி படிக்க எனக்கு ஒரு சாவு தேவைப்பட்டிருக்கு.

அன்னைக்கு நான் முன்னாடி குரூப்ல இருந்தேன். ஆவரேஜ் ஸ்பீடு மணிக்கு 30 கிலோமீட்டர் வரணும்னு ஒரு வெறி. பாலத்துல திரும்பி கூட பாக்கல. கோவளத்துல டீக்கடைல நின்னு டீ, வடை, போட்டோ, ஸ்ட்ராவா ஆப்ல ரைடை ஏத்துறது, எல்லாம் ஆச்சு. ஒரு இருபது நிமிஷம் கழிச்சு யாரோ கார்டு எங்கன்னு கேட்டாங்க. எங்கயாச்சும் யாருக்காச்சும் பஞ்சர் ஒட்டிட்டு இருப்பார்னு யாரோ சொன்னாங்க, அது நியாயமாவும் பட்டுச்சு, ஏன்னா பாதி ஞாயித்துக்கிழமை அவர் அதைத்தான் பண்ணிட்டு இருப்பார். போன் அடிச்சோம், எடுக்கல. இன்னும் ஒரு டீ சொன்னோம்.

பாலத்தை தாண்டி ரோட்டோரம் அவர் விழுந்ததை பாத்தது இளநி கடை போட வந்த ஒரு அக்கா. அவர் போனை அவங்களால திறக்க முடியல, தன் போன்ல 108 அடிச்சாங்க. உள்ளங்கையையும் காலையும் தேச்சிட்டே இருந்தாங்களாம், தண்ணி தெளிச்சாங்களாம், தெரிஞ்சதை எல்லாம் பண்ணாங்க. நெஞ்சை அமுக்கணும்னு அவங்களுக்கு தெரியாது. அன்னைக்கு கோவளத்துல டீ குடிச்சிட்டு இருந்த பதினேழு பேர்ல ஒருத்தருக்கும் தெரியாது. ஹார்ட் ரேட் ஸோன் 2, ஸோன் 4னு மணிக்கணக்கா பேசுவோம், அந்த ஹார்ட் நின்னா என்ன பண்ணணும்னு கிளப்ல யாரும் கத்துக்கல. நடு நெஞ்சுல ரெண்டு கையையும் வெச்சு அஞ்சு சென்டிமீட்டர் உள்ள போற அளவுக்கு, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும். அவ்ளோதான் விஷயம். எதுவும் பண்ணாம போற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பொழைக்கிற வாய்ப்பு பத்து சதவீதம் கிட்ட குறையுது. நாங்க இருபது நிமிஷம் வடை சாப்பிட்டோம். உடனே போயிருந்தா பொழைச்சிருப்பாரானு சத்தியமா எனக்கு தெரியாது. போகலங்கிறது மட்டும் தெரியும்.

அதனால இனிமே தயவு செஞ்சு யாரும் "அவருக்கு பிடிச்சதை பண்ணிட்டே போயிட்டார், குடுத்து வெச்சவர்"னு எழுதாதீங்க. அவருக்கு பிடிச்சது மத்தியானம் வீட்டுக்கு போய் மீன் குழம்பு சாப்பிட்டு தூங்குறது. பொண்ணு பிளஸ் டூ படிக்குது. அவரோட கடைசி ஸ்ட்ராவா ரைடுக்கு போய் லைக் போடுறதையும் நிறுத்துங்க, அதை அண்ணியும் பாக்குறாங்க.

டீ-ஷர்ட் பத்தி அண்ணி கிட்ட கேட்டீங்களா? கேக்கலல்ல. நான் போய் கேட்டேன். "அதை போட்டு ஓடுவாங்க, வேர்வைல ஊறும், நாலு தடவை துவைச்சதும் சைக்கிள் செயின் தொடைக்க எடுப்பாங்க, இவர் துணியெல்லாம் அப்படித்தான் ஆச்சு. அவர் மூஞ்சில கிரீஸ் வேணாம்மா"ன்னாங்க. சிரிச்சிட்டே தான் சொன்னாங்க.

டிராபிக்கும் டீ-ஷர்ட்டுக்கும் வெச்சிருக்குற காசுல சிபிஆர், அதான் அந்த நெஞ்சை அமுக்குறது, கத்து குடுக்குறவங்களை பொம்மையோட கூப்பிடுங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ஏன்னா ஒரு தடவை கத்துக்கிட்டா மறந்துடும். கத்துக்காதவங்க முன்னாடி குரூப்ல ஓட்டக் கூடாதுனு ரூல் போடுங்க, மறுநாளே மொத்த கிளப்பும் வரும், நம்ம ஆளுங்களை எனக்கு தெரியும். அந்த இளநி அக்காவையும் அவங்க பக்கத்துல கடை போடுறவங்களையும் கூப்பிடுங்க, அந்த ரோட்ல நாள் பூரா இருக்குறது அவங்க தான், நாம வாரத்துக்கு ரெண்டு மணி நேரம். அப்புறம் திருவான்மியூர்ல இருந்து மகாபலிபுரம் வரைக்கும் எந்த ஊர்ல ஆரம்ப சுகாதார நிலையம் இருக்குனு நம்மள்ல எத்தனை பேருக்கு தெரியும்? எங்க கரும்பு ஜூஸ் நல்லா இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். 2023ல இருந்து இதயம் காப்போம்னு ஒரு அரசு திட்டம் இருக்கு, நெஞ்சு வலினு வந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூணையும் முதல் டோஸா குடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. அந்த ரூட் மேப்பை ஒருத்தர் உக்காந்து போடுங்க, ஐடில இருக்குற நம்மள்ல முக்கால்வாசி பேருக்கு அரை நாள் வேலை.

யாராச்சும் நெஞ்சுல என்னவோ பண்ணுதுனு சொன்னா அன்னைக்கு அவர் ரைடு முடிஞ்சது, கூட ஒருத்தர் நிக்கணும், கிண்டல் கிடையாது. கோவளத்துல தலை எண்ணி முடிக்காம யாரும் டீ சொல்லக் கூடாது.

டிராபி இல்லாம ரேஸ் எப்படின்னு கேப்பீங்க. கடைசி ஆள் லைனை தாண்டுற வரைக்கும் யாரும் வீட்டுக்கு போகக் கூடாது, ஃபினிஷ் லைன் ஆர்ச்சை கழட்டக் கூடாது, மைக்கை ஆஃப் பண்ணக் கூடாது. அது போதும்.

அவரோட அந்த எக்ஸ் போட்ட பைய அண்ணி என் கிட்ட குடுத்துட்டாங்க. உள்ள ரெண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டுற பேட்ச், ஒரு கடலை மிட்டாய் பாக்கெட், நான் அன்னைக்கு குடுத்த கேஸ் மாத்திரை, பிரிக்காம அப்படியே இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை அந்த பைய மாட்டிட்டு நான் கடைசில வரேன். கார்டுக்கு பின்னாடி யாரும் இல்லாம தான் அன்னைக்கு அப்படி ஆச்சு, அதனால என் கூட இன்னொருத்தர் வேணும், வாரா வாரம் மாத்திக்கலாம். யார் வரீங்கனு சொல்லுங்க. 4.45க்கு திருவான்மியூர், சிக்னல் பக்கத்துல. பின்னாடி சிகப்பு லைட் சார்ஜ் போட்டு எடுத்துட்டு வாங்க.