சைவத்துக்குத் தனிக் கல் உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், எங்கள் ஊரில் திறந்திருக்கும் மங்கோலியன் பார்பெக்யூ உணவகத்தைப் பற்றி (நாமே கிண்ணத்தில் எடுத்துக் கொடுப்பதைப் பெரிய இரும்புக்கல்லில் வதக்கித் தருகிற இடம்) எழுதியிருந்தீர்கள். 'பிரியாணியைத் தாண்டாத வேலூர் நாக்குக்கு இது புதுசு' என்று அதில் ஒரு வரி. படித்ததும் மனசு சுருக்கென்றது.

இப்படி எழுத உங்கள் நிருபருக்கு எப்படி மனம் வந்தது? சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு நடை நடந்திருந்தாலே போதுமே. வைத்தியத்துக்கு வரும் வங்காளத்துக்காரர்களுக்காக அவர்கள் எழுத்திலேயே பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடைகள் அங்கே எத்தனை காலமாக இருக்கின்றன! கடுகெண்ணெய் மீன்குழம்பு வாசம் எங்களுக்குப் பழகிப்போனது.

அப்புறம், செங்கிஸ்கானின் வீரர்கள் கேடயத்தில் இறைச்சி வாட்டியதிலிருந்து வந்த சமையல் இது என்ற கதை. கடைக்காரர் சொன்னதை அப்படியே அச்சடித்துவிட்டீர்கள். பெய்ஜிங்கிலிருந்து வந்த வு சாவ்நான் என்ற நகைச்சுவைக் கலைஞர் 1951இல் தைவானின் தைபேயில் தொடங்கிவைத்த சமையல் இது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மங்கோலியாவில் ஆட்டிறைச்சியைச் சூடேற்றிய கற்களோடு பாத்திரத்தில் போட்டு மூடி வேகவைப்பார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, அதுகூடப் போகட்டும். 'சைவக்காரர்களும் தயங்காமல் போகலாம்' என்ற உங்கள் வார்த்தையை நம்பித்தான் என் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனேன். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், குடைமிளகாய் என்று அவரே பார்த்துப் பார்த்துக் கிண்ணத்தில் எடுத்தார். சாஸும் அவரே ஊற்றிக்கொண்டார். கல்யாண வீட்டுத் தோசைக்கல் மாதிரி பெரிய வட்ட இரும்புக்கல். முன்னால் நின்ற பையனின் கோழி அதில் வதங்கி முடிந்ததும், அதே நீளக் குச்சிகளால் கல்லை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அதே இடத்தில் இவருடைய கிண்ணத்தைக் கவிழ்த்தார் சமையல்காரர். மேசைக்கு வந்த கோஸுக்கு அடியில் ஒரு கோழித்துண்டு! நாத்தனார் ஒன்றும் பேசவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தார். ராத்திரி மோர்கூடக் குடிக்கவில்லை.

வேலூர் என்றாலே உங்கள் பத்திரிகைக்கு இளக்காரம்தான். ஆம்பூர் 2019இலேயே திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. உங்கள் பக்கங்களில் மட்டும் இன்னும் வேலூர் மாவட்டம். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மூலையில் இரண்டு வரி. 1806 ஜூலை 10இல் கோட்டையில் சிப்பாய்கள் சிந்திய ரத்தத்தை நினைவுகூரும் நாளுக்கும் அதே மூலைதான். கோடை வந்தால் எங்கள் வெயில் முதல் பக்கத்துக்கு வந்துவிடும். இதைப் பற்றியெல்லாம் முன்பே எழுதியிருக்கிறேன். பிரசுரமும் இல்லை, பதிலும் இல்லை. இத்தனை வருஷம் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவர்களுக்கு இந்த மரியாதைதானா, ஐயா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உணவகங்களைப் பற்றி எழுதும்போது, சைவத்துக்குத் தனிக் கல், தனிக் குச்சி உண்டா என்று விசாரித்து ஒரு வரி சேருங்கள். இந்த உணவகத்துக்கான வரியை வரும் ஞாயிறே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
காட்பாடி