ஒற்றைப் பீஸ் வேலைக்கும் முகம் சுளிக்காத பட்டறைகளுக்கு

மரியாதைக்குரிய லேத் பட்டறை அண்ணன்மார்களுக்கும், வார்ப்பட மேஸ்திரிகளுக்கும், வெல்டிங், சாணை, முலாம் வேலை பார்க்கும் அனைவருக்கும் வணக்கம்.

சிற்பம், அச்சோவியம் என்று உங்கள் பட்டறைகளை ஒட்டிய பழைய கூடங்களில் வேலை செய்யும் கலைஞர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதும் மடல் இது. உங்கள் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. மிச்சம் இருப்பவையும் இறங்குவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். கண்காட்சியில் எங்கள் பெயர்தான் இருக்கும். ஆனால் அந்த வேலை வளையாமல், வெடிக்காமல், துருவேறாமல் நிற்பது உங்கள் கையால்.

முதல் நன்றி லேத்துக்கு. செதுக்கிய உலோகத் தகட்டைத் தாளோடு உருளைகளுக்கு நடுவே அழுத்திப் படம் எடுக்கும் எச்சிங் பிரஸ்ஸின் மேல் உருளை 200 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அதன் சுற்றளவு சுமார் 628 மில்லிமீட்டர். நீளமான அச்சில் அந்த இடைவெளிக்கு ஒருமுறை மை வெளிறினால் கோளாறு உருளையில். பற்களின் இடைவெளிக்கு ஏற்ப நெருக்கமாகக் கோடு விழுந்தால் கோளாறு கியரில். ஸ்கேலை வைத்து அளந்து பார்த்து இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் லேத்தில் கடையும் டர்னர்கள்தான். உருளை செய்யும்போது வரிசை மாறக் கூடாது. கனத்த குழாயின் இரு முனைகளிலும் தட்டும் ஷாஃப்டும் வைத்து முதலில் வெல்டிங். அது நன்றாக ஆறிய பிறகுதான் கடைசல். கடைந்துவிட்டு வெல்டிங் வைத்தால் சூடு இழுத்து உருளை கோணிவிடும். முதல் கடைசலில் 1 மில்லிமீட்டர் மிச்சம் வைத்து, ஒருநாள் விட்டு, பிறகு 0.1 மில்லிமீட்டர் வெட்டில் முடிக்க வேண்டும். பேரிங் உட்காரும் இடத்தையும் உருளையின் மேற்பரப்பையும் ஒரே பிடிப்பில், சென்டர்களுக்கு நடுவே கடைய வேண்டும். கழற்றி மாட்டினால் இரண்டின் மையமும் ஒன்றாக இராது. நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்து, முள் 0.05 மில்லிமீட்டருக்குள் ஆடினால்தான் எங்கள் கையில் கொடுப்பார்கள். எங்களுக்கு அவசரம் என்று தெரிந்தும் அந்த ஒருநாள் ஆறலை விட்டுக்கொடுக்காத பிடிவாதத்துக்குத் தனியாக ஒரு கும்பிடு.

வார்ப்பட மேஸ்திரிகளே, அச்சுக்குள் உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் வெண்கலம் ஊற்றுவதற்காக நாங்கள் செய்துவரும் மெழுகு மாதிரியைப் பார்த்ததும் நீங்கள் எங்கே கை வைப்பீர்கள் என்று இப்போது எங்களுக்குத் தெரியும்: கழுத்தில். கழுத்து மெலிந்து, மார்பு தடித்திருந்து, உருகிய வெண்கலம் கழுத்து வழியாகவே இறங்க வேண்டியிருந்தால் கழுத்து முதலில் உறைந்து வழியை அடைத்துவிடும். மார்பு உறையும்போது சுருங்குகிற இடத்தை நிரப்ப உலோகம் கிடைக்காமல் உள்ளே பஞ்சு போல் ஓட்டை விழும். அதனால் தடித்த இடத்துக்கு உலோகம் இறங்கத் தனி வாய் வைப்பது, மெழுகை எங்கும் 5 மில்லிமீட்டர் அளவில் சீராக வைத்திருப்பது, மெழுகும் வெண்கலமும் சேர்ந்து நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு சுருங்கும் என்று மாதிரியை அதற்குத் தக்கபடி பெரிதாகச் செய்வது எல்லாம் உங்களிடம் கற்றவை. வார்ப்பு அச்சை நன்றாகக் காய வைக்காமல் ஊற்ற நீங்கள் ஒருபோதும் சம்மதித்ததில்லை. ஒரு துளித் தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். ஊற்றிய உலோகத்தை அது திருப்பி முகத்திலேயே அடிக்கும். திறப்பு விழாத் தேதியைக் காட்டி எத்தனை முறை நெருக்கியிருக்கிறோம்! மன்னியுங்கள்.

இரும்பு அரைத்த சாணைக் கல்லால் எவர்சில்வர் தகட்டைத் தொட விடாத வெல்டர் தம்பிகளுக்கும் நன்றி. கல்லில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூள் தகட்டில் பதிந்து, அடுத்த மழையில் துருப்புள்ளியாக வந்துவிடும் என்பதற்காகவே எங்கள் வேலைக்கென்று தனிக் கல்லும் தனி பிரஷும் ஒதுக்கி வைத்தீர்கள்.

பட்டறையிடம் சிற்பி கற்பது நம்மோடு தொடங்கியதில்லை. ஸ்பானியச் சிற்பி ஹூலியோ கொன்சாலெஸ் வாயு வெல்டிங்கைக் கற்றது 1918-இல் ரெனோ கார் தொழிற்சாலையில். பத்தாண்டு கழித்துப் பிக்காஸோவுக்கு இரும்பில் கைகொடுத்தது அந்தக் கைப்பழக்கம்தான். அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் 1930-களில் புரூக்ளினில் டெர்மினல் அயர்ன் ஒர்க்ஸ் என்ற இரும்புப் பட்டறையில் இடம் பிடித்து வேலை செய்தார். பிறகு ஊர் மாறிய போதும் தன் கூடத்துக்கு அந்தப் பட்டறையின் பெயரையே வைத்துக்கொண்டார்.

பட்டறைகள் ஏன் மூடுகின்றன என்பதை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் ஒரே காரணத்தில் அடக்கிவிடுகிறார்கள். நாங்கள் பார்ப்பது சங்கிலி. முலாம் பட்டறை போனால் சாணை பிடிப்பவருக்கு வேலை குறைகிறது. உலோகத்தைச் சூடேற்றிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் உலை நிரம்பும் அளவுக்குச் சரக்கு சேராததால் அது வாரத்தில் ஒருநாள் என்று ஆகிறது; பிறகு நின்றேபோகிறது. அதன் பிறகு கியர் வெட்டுபவர் பல்லைப் பதப்படுத்த வெகுதூரம் போக வேண்டும். அந்த அலைச்சலில் அவருடைய லாபம் கரைகிறது. கணினி ஓட்டும் சிஎன்சி இயந்திரம் வைத்திருக்கும் பெரிய இடங்களில் புரோகிராம் எழுதி, பீஸைப் பிடிக்க ஜிக் கட்டி, ஒரே ஒரு பீஸ் செய்து கொடுப்பது கட்டுப்படியாகாது. ஒரு பீஸுக்குப் பதில் நூறு பீஸ் ஆர்டர் கேட்பார்கள். தேய்ந்த பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, படமே இல்லாமல் அளவெடுத்து, சாயங்காலம் வரச் சொல்கிற ஆள் அங்கே இல்லை.

இதில் எங்கள் பங்கும் உண்டு. வாடகை குறைவு என்றுதான் நாங்கள் உங்கள் பக்கத்தில் குடியேறினோம். எங்களைப் பார்த்துப் பிறர் வந்தார்கள், வாடகை ஏறியது, சுத்தியல் சத்தம் பிடிக்காதவர்களும் வந்து சேர்ந்தார்கள். கலைஞர்கள் வந்தால் இடம் செழிக்கும் என்று யாராவது சொன்னால், யாருக்குச் செழித்தது என்று நாங்களே கேட்க வேண்டியிருக்கிறது.

இனி நாங்கள் செய்யப்போவது இவை. வேலை சொல்லும்போதே பொருளுக்கான பணத்தை முன்பணமாகத் தருவோம். கைப்படமாக இருந்தாலும் விட்டம், நீளம், எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்ற அளவு மூன்றையும் எழுதித் தருவோம். சின்னச் சின்ன வேலைகளைக் கூடங்களுக்குள் சேர்த்துவைத்து, உலை நிரம்பும்படி ஒரே நாளில் கொண்டுவருவோம். வார்த்தவர், கடைந்தவர் பெயர்களை, அவர்கள் சம்மதித்தால், சிற்பத்தின் அடியில் பொறிப்போம். இடமில்லை என்று நீங்கள் எரிக்க வைத்திருக்கும், வார்ப்புக்கான மர அச்சுகளை எங்கள் கூடத்தின் பரண்களில் வைத்துக்கொள்கிறோம். பெயர் எழுதி, கரையான் ஏறாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பட்டறையை மூடியே ஆக வேண்டும் என்று வந்துவிட்டால், இயந்திரத்தை எடைக்குப் போடுவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். லேத்தை யாராவது தூக்கிவிடுவார்கள். ஆனால் எண்ணெயில் ஊறிக் கிடக்கும் மரையின் இடைவெளிக்கு ஏற்ப மாற்றி மாட்டும் சேஞ்ச் கியர் பெட்டி, பீஸைப் பிடிக்கும் நான்கு தாடைச் சக், நீளமான பீஸ் ஆடாமல் தாங்கும் ஸ்டெடி ரெஸ்ட் ஆகியவை தனித்தனியாகச் சாக்கில் போய்விடும். அந்தக் கியர்கள் இல்லாமல் அந்த லேத்தில் வேண்டிய மரையை வெட்ட முடியாது. அந்தப் பெட்டியை மட்டுமாவது எங்களுக்காக எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
பக்கத்துக் கூடங்களின் கலைஞர்கள்